பிள்ளைகளின் எழுத்துக்கு வீட்டறிவே முதல்

வணிகப் பெருமக்களே! முதல் இல்லாமல் கடை திறக்க முடியாது என்பதை உங்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு, இடம், நாணயம், நாலு பேரின் பழக்கம் ஆகிய யாவும் முதலிலே சேரும். ஆனால் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதப் பழகும்போது அவர்களுக்கு முதல் எது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? வெறுங்கையோடு வகுப்பறைக்குள் போகிறான் பையன், ஆசிரியர் எல்லாவற்றையும் கொடுத்து நிரப்புவார் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறோம். இந்த எண்ணம் தவறு என்பதையும், அந்தத் தவற்றினால் விளையும் நஷ்டம் இன்னது என்பதையும் இந்தப் பாடத்தில் ஆராய்வோம்.

முதலில் நம்முடைய பிழையையே சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கட்டுரை சொல்லிக் கொடுத்து வந்தோம். மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவருடைய மகன், பத்து வயதுப் பையன், அதில் சேர்ந்திருந்தான். “மலைவாசஸ்தலத்தில் ஒரு விடுமுறை” என்று தலைப்புக் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் அவன் எழுதியது மூன்று வரி. அடுத்த வாரம் “பண்ணையில் ஒரு நாள்”. அன்றைக்கும் மூன்று வரி. பையனுக்கு விஷயமே இல்லை என்று முடிவு கட்டினோம். தகப்பனாரை அழைத்து, “பாய், இனி வீட்டிலே தமிழை நிறுத்துங்கள். ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்றோம். “நீங்க சொன்னாச் சரிதான் சார்” என்று அவரும் தலையசைத்துப் போனார்.

மூன்று மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். “சார், எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் கடைக்குத்தான் காணும். விலை சொல்வேன், கணக்குச் சொல்வேன். பிள்ளைக்குப் புத்தி சொல்ல அது போதலே. அவன் நன்னிகிட்டே பேசுறதையும் நிறுத்திட்டான். சாப்பாட்டு நேரத்திலே வீடே ஊமையாக் கிடக்கு” என்றார். கட்டுரையோ அதே மூன்று வரியில்தான் நின்றது. நாம் கொடுத்த யோசனை பையனுக்கு ஆங்கிலத்தைக் கொடுக்கவில்லை. இருந்த பேச்சையும் பறித்துவிட்டது. இந்தக் குற்ற உணர்ச்சியே இவ்விஷயத்தை நம்மைப் படிக்க வைத்தது. படித்தறிந்ததை உங்கள் முன் வைக்கிறோம்.

*சமமாய் நடத்துவது எது?*

அமெரிக்காவிலே சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகள் ஏராளமாய்ப் படித்து வந்தார்கள். அவர்களில் சுமார் 1,800 பேருக்கு மொழியுதவி எதுவும் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் கொடுக்கும் அதே புத்தகம், அதே ஆசிரியர், அதே பாடம் அவர்களுக்கும் கொடுக்கிறோமே, வேறென்ன வேண்டும் என்றது கல்வி நிர்வாகம். வழக்கு நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை சென்றது. 1974-ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது: விளங்காத மொழியில் ஒரே புத்தகத்தை எல்லாருக்கும் கொடுப்பது சமத்துவம் ஆகாது, மொழி புரியாத பிள்ளை பொருளுள்ள கல்விக்கு வெளியிலேயே நிற்கிறான். லாவ் எதிர் நிக்கல்ஸ் என்று அவ்வழக்குக்குப் பெயர்.

வியாபாரிக்கு இது எளிதில் விளங்கும். வாசலுக்கு வரும் எல்லாரிடமும் ஒரே தராசுதான். ஆனால் மலாய்க்காரரிடம் மலாயிலும், சீனரிடம் அவருக்குப் புரிந்த பேச்சிலும், ஊர்க்காரரிடம் தமிழிலும் பேசித்தானே சரக்கை விற்கிறோம்? தராசு ஒன்றாயிருப்பது நியாயம். பேச்சும் ஒன்றாய்த்தான் இருக்க வேண்டுமென்றால் கடையில் ஆள் இராது.

இந்தக் கருத்தே பின்னாளில் ஒரு கல்வி முறையாக வளர்ந்தது. பிள்ளையின் வீடு, பழக்கவழக்கம், பேச்சு முறை, தெரிந்த தொழில் இவற்றைப் படிக்கட்டாக வைத்துப் புதிய பாடத்துக்கு ஏற்றுவது அதன் சாரம். “பண்பாட்டுக்கு இசைந்த போதனை” என்று நாம் அதனைச் சொல்லலாம். குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் என்னும் அம்மையார் கறுப்பின மாணவர்களைச் சிறப்பாக முன்னேற்றிய எட்டு ஆசிரியர்களை ஆராய்ந்து 1994-இல் நூல் வெளியிட்டார். ஜெனீவா கே என்னும் அம்மையார் 2000-இல் இம்முறையின் பெயரையே தலைப்பாகக் கொண்ட நூலை எழுதினார். ஆனால் நூல்களுக்கு முன்பே வகுப்பறைகளில் இது தொடங்கிவிட்டது. மூன்று இடங்களைப் பார்ப்போம்.

*ஹவாய்த் தீவின் பாடம்*

ஹோனலூலு நகரில் 1970-களின் தொடக்கத்தில் ஹவாய்ப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காகக் கமேஹமேஹா கல்வித் திட்டம் ஆரம்பமாயிற்று. அந்தப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கி நின்றார்கள். வகுப்பில் ஆசிரியர் கேட்டால் வாய் திறப்பதில்லை. திறந்தால் நாலு பேர் ஒன்றாய்ப் பேசுவார்கள். ஒழுங்கீனம் என்றே அது எண்ணப்பட்டது. உண்மை என்னவென்றால், அத்தீவு மக்களிடையே கதை பேசும் வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் தொடங்க, மற்றவர் இடையில் புகுந்து சேர்த்துக்கொடுக்க, பலர் வாயால் ஒரு கதை உருவாகும். தனியொருவனாக எழுந்து நின்று தன் அறிவைக் காட்டுவது அவர்களுக்குப் பழக்கமில்லை.

வாசிப்புப் பாடத்தின்போது அப்படியே சேர்ந்து பேச இடம் கொடுத்தார்கள். கதையின் போக்கை மட்டும் ஆசிரியர் கையில் வைத்துக்கொண்டார். கேத்ரின் ஆவ் என்னும் ஆராய்ச்சியாளர் 1980-இல் இதனை விவரித்து எழுதினார். வாய் மூடியிருந்த பிள்ளைகள் பாடத்தைப் பற்றியே பேசினார்கள், வாசிப்பிலும் தேறினார்கள். முதலில் பிள்ளையின் சொந்த அனுபவம், அடுத்துப் புத்தகம், பிறகு இரண்டுக்கும் உள்ள உறவு என்று மூன்று படியாகப் பாடத்தை நடத்துவதும் அங்கே வகுத்த முறையேயாகும்.

*நியூசிலாந்தின் பாடம்*

சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்னும் ஆசிரியை நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னவர். வேற்று நாட்டு வீட்டையும் வேற்று நாட்டுக் குடும்பத்தையும் படமாய்ப் போட்ட புத்தகங்கள் அக்குழந்தைகள் மனத்தில் ஒட்டவில்லை என்று கண்டார். ஆகவே ஒவ்வொரு குழந்தையிடமும், “இன்றைக்கு உனக்கு எந்தச் சொல் வேண்டும்?” என்று கேட்பார். அது விரும்பும் சொல்லை, சில சமயம் அது பயப்படும் சொல்லையும், ஓர் அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பார். ஆசையும் அச்சமும் கலந்த சொல்லைக் குழந்தை ஒரே பார்வையில் படித்துவிடும். மனத்தைத் தொடாத சொல்லோ எத்தனை முறை எழுதினாலும் நிற்காது. அந்தச் சொற்களிலிருந்தே வாக்கியமும், வாக்கியங்களிலிருந்தே பிள்ளைகள் தாமே எழுதிய வாசகமும் பிறந்தன. 1963-இல் “ஆசிரியர்” எனப் பொருள்படும் பெயரோடு அவருடைய நூல் வெளிவந்தது.

*மிட்டாய் விற்ற பையன்*

மூன்றாவது பாடம் வியாபாரிகளாகிய நமக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மெக்சிகோ எல்லைக்குச் சமீபமாக டூசான் என்று ஒரு நகரம். அங்கே மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்கள் மிகுதி. அந்தப் பிள்ளைகள் வறுமையோடு அறியாமையையும் வீட்டிலிருந்து சுமந்து வருகிறார்கள் என்பது பலருடைய அபிப்பிராயம். லூயிஸ் மோல் என்பவரும், நோர்மா கொன்சாலஸ் என்பவரும், பள்ளி ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆசிரியர்களே பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனார்கள். புகார் சொல்லப் போகவில்லை, புத்தி சொல்லவும் போகவில்லை, தெரிந்துகொள்ளப் போனார்கள்.

அவர்கள் கண்டதென்ன? பயிர்த் தொழில், சுரங்கத் தொழில், கட்டட வேலை, வண்டி பழுது பார்த்தல், நாட்டு மருந்து, எல்லை தாண்டிய வியாபாரம், குடும்பக் கணக்கு எனப் பலவகை அறிவு ஒவ்வொரு வீட்டிலும் குவிந்து கிடந்தது. 1992-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு அவர்கள் கொடுத்த பெயரைத் தமிழில் “அறிவு முதல்” என்று சொன்னால் பொருந்தும்.

ஒரு மாணவன் மெக்சிகோவிலிருந்து வரும் மிட்டாய்களை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு விற்று வந்தான் என்பது வீட்டுக்குப் போன ஆசிரியைக்குத் தெரிய வந்தது. பையன் கெட்டுப் போகிறான் என்று அவர் எண்ணவில்லை. மிட்டாயையே வகுப்புக்குப் பாடமாக்கினார். இரு நாட்டு மிட்டாய்களிலும் என்னென்ன சேருகிறது என்று பிள்ளைகள் ஒப்பிட்டார்கள்; கேள்விகளைத் தாமே எழுப்பி, விடை தேடி எழுதினார்கள். ஒரு மாணவரின் தாயார் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்முறையைக் கற்றுக் கொடுத்தார். அன்றைக்கு அந்த அம்மாள்தான் ஆசிரியர். கணக்கு, விஞ்ஞானம், எழுத்து மூன்றும் ஒரு மிட்டாயிலிருந்து கிளைத்தன. கடைப் பிள்ளைகளைப் பெற்ற நாம் இதைக் கேட்ட பிறகும், “எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது?” என்று சொல்லலாமா?

*பேச்சு வேறு, எழுத்து வேறு*

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். கடைக்கு வரும் வெள்ளைக்காரப் பிரயாணியிடம் பையன் படபடவென்று ஆங்கிலம் பேசுகிறான். ஆகவே ஆங்கிலம் வந்துவிட்டது என்று நாம் மகிழ்ந்து போகிறோம். கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் எழுதி வந்த கட்டுரைகளில் இரண்டு வகை மொழித்திறமையைப் பிரித்துக் காட்டினார். முகம் பார்த்துப் பேசும் பேச்சு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். பாடப்புத்தகத்தின் மொழியும் கட்டுரை மொழியும் வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகும். பேச்சிலே கை உதவும், முகம் உதவும், எதிரே இருக்கும் சரக்கு உதவும். எழுத்திலே சொல்லைத் தவிர வேறு துணையில்லை.

தாய்மொழியில் ஆழமாய்ப் பெற்ற அறிவு இரண்டாம் மொழிக்குக் கைமாறும் என்பதும் அவர் கருத்து. காரண காரியத்தைத் தமிழில் எடுத்துச் சொல்லத் தெரிந்தவன் ஆங்கிலச் சொற்கள் கிடைத்ததும் அதிலும் சொல்லுவான். எதிலுமே சொல்லப் பழகாதவனுக்குச் சொற்களை மட்டும் கொடுத்து என்ன பிரயோஜனம்? நாம் அந்தத் தகப்பனாருக்குச் சொன்ன யோசனை எவ்வளவு பிசகானது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

*பிழைக்கும் காரணம் உண்டு*

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளைப் பார்த்து மந்தபுத்தி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல பிழைகளுக்கு மூலம் தமிழ் இலக்கணமே. “அத்தா கடைக்குப் போனார்” என்பதில் வினை கடைசியில் நிற்கிறது. ஆங்கிலத்திலோ “ஃபாதர் வென்ட் டு த ஷாப்” என்று வினை நடுவே வந்துவிடும். நம் “கு” உருபு சொல்லுக்குப் பின்னே ஒட்டுகிறது. அவர்களுடைய “டு” முன்னே நிற்கிறது. “எ”, “த” என்னும் சிறு சொற்களைப் போலக் கட்டாயமாகச் சேர்க்க வேண்டிய தனிச்சொல் தமிழில் இல்லை. ஆகவே பையன் அவற்றை விட்டுவிடுகிறான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமும் தமிழ் எழுத்தில் கிடையாது. இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த வேற்றுமையைக் காட்டினால் பிள்ளைக்கு வெட்கம் போகும். பிழையும் நாளடைவில் குறையும்.

*எழுதப் பழக்கும் முறை*

படித்ததைக் கொண்டு நம் வகுப்பை மாற்றியமைத்தோம். தகப்பனாரிடம், “பாய், நாங்கள் சொன்னது தப்பு. வீட்டிலே தமிழே பேசுங்கள்” என்று வாய்விட்டுச் சொன்னோம். பிறகு பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: “காய்ந்த மிளகாய் நல்லதா இல்லையா என்று உங்கள் அத்தா எப்படிப் பார்ப்பார்?” கால் மணி நேரம் தமிழில் பேசினான். கையிலெடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும், ஈரம் பட்டிருந்தால் சத்தம் வராது, ஈர மூட்டையை அப்படியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும், மழை நாளில் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் ஏற்ற வேண்டும். விஷயமில்லாத பையன் என்று இவனையா சொன்னோம்?

அன்று முதல் கையாளும் படிகள் இவை:

1. முதலில் பேச்சு. எழுதப் போகும் விஷயத்தைப் பிள்ளை தமிழிலோ ஆங்கிலத்திலோ, இரண்டும் கலந்தோ சொல்லட்டும். இடைமறித்துத் திருத்தக்கூடாது.

2. சொற்பட்டியல். பற்று வரவு போல் ஏட்டில் இரண்டு பத்தி போடுங்கள். ஒரு பக்கம் குலுக்கு, சலசலப்பு, பூஞ்சை, மூட்டை. எதிர்ப்பக்கம் அவற்றுக்கு ஆங்கிலச் சொல்.

3. சேர்ந்து எழுதுதல். பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஆசிரியர் பலகையில் இரண்டு மூன்று வாக்கியம் எழுதிக் காட்டுவார். ஏன் இந்தச் சொல், ஏன் இந்த வரிசை என்று வாய்விட்டு யோசிப்பார். எழுத்தாளன் மனத்துக்குள் நடப்பதைப் பிள்ளை காணும் இடம் இதுவே.

4. தனியே எழுதுதல். யாருக்காக எழுதுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். கடையில் புதிதாய்ச் சேர்ந்த ஆளுக்கு மிளகாய் பார்க்கச் சொல்லிக் கொடுப்பதாக எழுது என்றால், பேனா ஓடும்.

5. திருத்தம். எல்லாப் பிழைக்கும் சிவப்பு மை வேண்டாம். முதலில் பொருள் விளங்குகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு வாரம் வினை நிற்கும் இடம், அடுத்த வாரம் “த” என்னும் சொல் என ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்.

6. செம்மைப் பிரதி. திருத்தியதை நன்றாய் எழுதி, பலர் முன் வாசிக்கச் செய்யுங்கள்.

அந்தப் பையன் முதலில், “மை ஃபாதர் சில்லி ஷேக் அண்ட் ஹியர்” என்று எழுதினான். வினையின் இடத்தைக் காட்டிய பிறகு, “மை ஃபாதர் ஷேக்ஸ் த சில்லீஸ் அண்ட் லிசன்ஸ்” என்று மாற்றினான். விஷயம் அவனுடையது, வரிசை மட்டுமே நாம் கொடுத்தது. அன்றைய கட்டுரை ஒன்றரைப் பக்கம் வந்தது.

*ஓர் ஆட்சேபம்*

“கடைப் பிள்ளை கடையைப் பற்றியே எழுதிக் கொண்டிருந்தால் பரீட்சையில் எப்படித் தேறுவான்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடை ஆரம்பப்படி, முடிவல்ல. மிளகாயை விவரித்து எழுதியவன் அடுத்ததாக, ஈரச் சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரிக்கு முறையீட்டுக் கடிதம் எழுதட்டும். எந்தத் தேதியில் சரக்கு வந்தது, எத்தனை மூட்டை பழுது, நாம் கேட்கும் பரிகாரம் என்ன என்று வரிசைப்படுத்துவதிலே வாதம் செய்யும் எழுத்து பிறக்கிறது. அதற்கடுத்து, சிறு கடைகள் தெருவுக்கு வேண்டுமா என்று இரு பக்கமும் ஆராய்ந்து எழுதலாம். பிறகு பரீட்சைத் தலைப்பு எதுவானாலும் அதே படிகளால் ஏறுவான். ஒழுங்கான ஆங்கிலம் எழுதப் பழக்காமல், பிள்ளையின் பண்பாட்டைப் புகழ்வதோடு நிறுத்திக்கொண்டால் அதுவும் வஞ்சகமே.

இன்னொன்று: தமிழ் முஸ்லிம் பிள்ளை என்றால் கடைப் பிள்ளைதான் என்று ஆசிரியர் தாமாக ஊகித்துவிடக் கூடாது. ஒருவன் தாய் தையல் வேலை செய்பவராயிருக்கலாம்; வேறொருவன் தகப்பனார் லாரி ஓட்டுபவராயிருக்கலாம். கேட்டறிய வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் பண்டிகை உடை உடுத்தி வரச் சொல்வதோடு இந்தக் கடமை தீர்ந்துவிடாது.

*நம் முன்னோர் காட்டிய வழி*

இது நமக்குப் புதிதுமன்று. நம் முன்னோர் அரபு எழுத்தைக் கற்றார்கள். ஆனால் தமிழை விட்டுவிடவில்லை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குக் குறிகள் சேர்த்துப் புது எழுத்துகள் அமைத்து, அரபுத் தமிழ் என்னும் எழுத்து முறையில் நூல்கள் எழுதினார்கள். வந்த எழுத்தையும் இருந்த மொழியையும் ஒன்றுக்கொன்று துணையாக்கினார்கள். சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946-இல் உமறுப்புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளி கண்டார்கள். 1982 வரை அது நடந்தது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் இன்று ஆங்கிலமே போதனாமொழி. மலேசியாவிலும் பிள்ளைகள் மலாயோடு ஆங்கிலமும் கற்றாக வேண்டும். காலம் மாறிவிட்டது. வீட்டறிவைத் துணைகொண்டு புதிய எழுத்தைப் பிடிக்கும் வழி மாறவில்லை.

*நாம் செய்ய வேண்டியது*

பிள்ளையிடம் தினமும் கால் மணி நேரமாவது தமிழில் தொழில் விஷயம் பேசுங்கள். ஏன், எப்படி என்று அவன் கேட்டால் அலட்சியம் செய்யாதீர்கள். சரக்குப் பட்டியல், விலைச்சீட்டு, வாடிக்கையாளருக்கு அறிவிப்பு ஆகியவற்றை அவன் கையால் ஆங்கிலத்தில் எழுதச் செய்யுங்கள். ஆனால் படிக்கும் நேரத்தில் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றோரை அழைக்கும்போது கடையைக் காரணம் காட்டித் தப்பிக்காதீர்கள். உங்கள் தொழிலின் நுணுக்கம் என்ன என்பதை ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவருக்கு அது தெரிந்தால்தானே பாடத்தில் சேர்க்க முடியும்?

அந்தப் பையன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். சென்ற நோன்புப் பெருநாள் அன்று அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். வாசலிலேயே நன்னியின் பேச்சுக் குரல் கேட்டது. பேரன் பள்ளியில் எழுதிய ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் மாற்றி அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். “இதிலே ஒண்ணைத் தப்பா எழுதியிருக்கியே, சீரகத்தை உள்ளங்கையிலே தேய்ச்சுத்தான் மோந்து பார்க்கணும்” என்று நன்னி திருத்தினார். அவன் பேனாவை எடுத்து அந்த இடத்தைக் குறித்துக்கொண்டான்.